தாராவி இடைத்தேர்தல்: அமுக்கப்பட்டதா?

"வர்ஷா கெய்க்வாட் எம்.பி. ஆனதும் நம்ம எம்.எல்.ஏ. சீட் காலி. மறுசீரமைப்பைத் தட்டிக்கேட்க ஆளிருக்கக் கூடாதுன்னுதான் இடைத்தேர்தலை அமுக்கிட்டாங்க." தாராவித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. சீட் காலியானது உண்மை. அமுக்கினார்கள் என்பது தவறு.

காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்பச் சொல்வது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மக்களவை முடிவு வந்தது 2024 ஜூன் 4. மகாராஷ்டிர சட்டப்பேரவையின் காலமோ அதே ஆண்டு நவம்பர் 26 வரைதான். ஆறு மாதம்கூட மிச்சமில்லை!

குடிசைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்பில் வீடு போய்விடுமோ என்ற தாராவி மக்களின் பயம் நியாயமானது. அதற்குப் பொய்த் துணை வேண்டாம். நவம்பர் 20 பொதுத்தேர்தலில் தாராவியும் ஓட்டுப் போட்டது. வர்ஷாவின் சகோதரி ஜோதி கெய்க்வாட் ஜெயித்தார்.