முத்திரை நுண்ணலைக்கு மட்டும்தான்
'மைக்ரோவேவ் சேஃப்' என்று பொறித்த பாத்திரத்தை, மைக்ரோவேவ் அடுப்பின் காம்பினேஷன் முறையிலும் (நுண்ணலையும் வெப்பக்காற்றும் சேர்ந்து ஓடுவது) தயங்காமல் வைக்கலாம் என்று இந்தக் கட்டுரை சொல்வது சரியல்ல. அந்த முத்திரை நுண்ணலைக்கு மட்டும்தான். காம்பினேஷனில் வெப்பக்காற்றும் சேர்வதால் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்த முத்திரையுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களோ பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், 160 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். நானும் முத்திரையை நம்பி வைத்தேன், மூடி நெளிந்து உணவின் மேல் ஒட்டிக்கொண்டது, அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. இப்போது சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிதான் (அதையும் சூட்டோடு எடுத்து ஈர மேடையில் வைக்காதீர்கள், விரிசல் விடும்). மேலே கருத்துகளில் ஒருவர் எவர்சில்வர் தட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வெப்பக்காற்று மட்டும் ஓடும்போது வைக்கலாம். காம்பினேஷனில், அடுப்போடு தந்த கம்பித்தாங்கியைக் கையேடு அனுமதித்தால் அது தவிர வேறு உலோகமே வேண்டாம். விளிம்பில் பொன்கோடு போட்ட பீங்கான்கூடப் பொறி தட்டும்.