ராகுகாலத்துக்குள் கிளம்பணும்

மதுரை செல்லூரில் ஒரு சந்து. வெள்ளிக்கிழமை காலை, மணி பத்தை நெருங்குகிறது. 1992 மாடல் அம்பாஸடர் ஒன்று பானட்டைத் திறந்துகொண்டு வாசலில் நிற்கிறது. அழகர்கோவிலில் பேரனுக்குக் காதுகுத்து. சொந்தக்காரர்கள் எல்லோரும் காலையிலேயே பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள், விவரமானவர்கள்.

பெரியவர்: வா தம்பி, வெரசா வா. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வண்டி தெருவைத் தாண்டணும்.

மெக்கானிக்: சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருதுங்கய்யா?

பெரியவர்: டொக்! யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போன மாதிரி ஒரே ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இன்ஜினை இறக்கணும் என்கிறார் மாடிவீட்டுக்காரர்.

மெக்கானிக்: அவருக்கு என்ன வேலை?

பெரியவர்: தாலுகா ஆபீஸ், ரிட்டயர்டு.

மெக்கானிக்: இன்ஜின் அங்கேயே இருக்கட்டும்.

பெரியவர்: பிளக் நாலும் புதுசு தம்பி. பாயிண்ட், கண்டன்சர்கூட நேற்றுத்தான் வாங்கி வைத்தேன், எது போயிருந்தாலும் இருக்கட்டுமே என்று.

மெக்கானிக்: அதெல்லாம் இன்ஜின் சுற்றின பிறகு பார்க்கிற சமாச்சாரம். இங்கே செல்ஃபே எடுக்கவில்லை. ரெண்டாவது கியரில் போட்டுத் தள்ளிப் பார்த்தீர்களா?

பெரியவர்: தள்ளுவதற்கு ஆள்? அதான் எல்லோரும் பஸ்ஸில் போய்விட்டார்களே!

மெக்கானிக்: அப்போ பேட்டரியைப் பார்ப்போம்.

பெரியவர்: பேட்டரியைக் குறை சொல்லாதே. ஹாரன் அடித்தால் தெரு முனையில் நாய் எழுந்து ஓடுது.

மெக்கானிக்: ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃப் மோட்டாருக்கு நூறுக்கு மேலே வேணுங்கய்யா. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். பார்த்தீர்களா, லைட் அப்படியே செத்துப்போச்சு. ஒன்று பேட்டரி காலி, இல்லையென்றால் டெர்மினல் பிடிக்கவில்லை, அதாவது பேட்டரி மேலே இருக்கிற ஈயக் குமிழில் வயர் கிளாம்பு சரியாக ஒட்டவில்லை. (மீட்டரை வைக்கிறார்.) 12.6 வோல்ட். பேட்டரி ஃபுல்லாக இருக்கு.

பெரியவர்: நான்தான் சொன்னேனே!

மெக்கானிக்: கிளாம்பைக் கழற்றுகிறேன். முதலில் மைனஸ். (கழற்றிவிட்டு, குனிந்து முகர்ந்து பார்க்கிறார்.) அய்யா, இது என்ன, மஞ்சளாக, கெட்டியாக? வாசனை வேறு வருது.

பெரியவர்: சந்தனம்.

மெக்கானிக்: எதற்கு?

பெரியவர்: என்னப்பா கேள்வி? போன வாரம் ஆயுத பூஜை. ஸ்டியரிங்குக்கு வைத்தேன், நாலு டயருக்கும் வைத்தேன், டிக்கிக்கு வைத்தேன், ஸ்டெப்னியை மட்டும் விட்டால் அது என்ன பாவம் செய்தது என்று அதற்கும் வைத்தேன். வண்டிக்கு உயிரே பேட்டரிதான் என்று போன வருஷம் நீதானே சொன்னே? அதனால் கிளாம்பு ரெண்டையும் கழற்றி, குமிழைச் சுற்றி மனம் குளிரத் தடவி, குங்குமம் வைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன்.

மெக்கானிக்: (சிறிது நேரம் பேசவில்லை. பேச என்ன இருக்கு?) காய்ந்த சந்தனத்தில் கரண்ட் போகாதுங்கய்யா. ஈயத்தை ஈயம் நேராகத் தொடணும். கொஞ்சம் வெந்நீரும் உப்புத்தாளும் கொடுங்கள்.

பெரியவர்: சுரண்டப் போகிறாயா? சாமி குத்தம் ஆகாதா?

மெக்கானிக்: பொட்டைப் பேட்டரி மூடி மேலே வைத்துக்கொள்ளுங்கள், சாமி ஒன்றும் சொல்லாது. குமிழைச் சுத்தம் செய்து கிளாம்பை முறுக்கின பிறகு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் பூஞ்சை பூக்காது. கம்பெனி 2014-லேயே இந்த வண்டியை நிறுத்திவிட்டது, நீங்கள்தான் விடாமல் ஓட்டுகிறீர்கள். இனிமேலாவது அதற்கு மூச்சு முட்டப் பூஜை போடாதீர்கள். ம், இப்போ திருப்புங்கள்.

(வண்டி இருமி, உறுமி, கிளம்புகிறது. மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.)

பெரியவர்: எவ்வளவு தம்பி?

மெக்கானிக்: முன்னூறு.

பெரியவர்: முன்னூறா! வெந்நீர் என்னுது, உப்புத்தாள் என்னுது, வாசலின் உங்க அத்தையுது. சுரண்டினதுக்கு முன்னூறா?

மெக்கானிக்: சந்தனக் கிண்ணம் எங்கே இருக்குங்கய்யா?

பெரியவர்: எதுக்கு?

மெக்கானிக்: பழையபடி பூசிவிட்டுப் போகிறேன், அதற்குக் காசு வேண்டாம். மணி பத்து இருபத்தெட்டு.

பெரியவர்: இந்தாப்பா முன்னூறு, பிடி. அப்படியே நீயும் ஏறு.

மெக்கானிக்: நான் எதற்குங்கய்யா?

பெரியவர்: வழியில் நின்றுவிட்டால்? கிடாய் விருந்து இருக்கு, சாப்பிட்டுவிட்டு வரலாம்.

மெக்கானிக்: விசேஷ வீட்டுக்கு வந்தால் மொய் வைக்கணுமே, வெறுங்கையோடு எப்படி?

பெரியவர்: அதான் கையில் முன்னூறு இருக்குல்ல!