நான் யாருன்னு சொல்லு பாக்கலாம்

(காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபம். மொய் எழுதுற மேசை.)

பெரியவர்: என்னைத் தெரியுதா தம்பி?

தம்பி: வாங்க, வாங்க. உக்காருங்க. பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்.

பெரியவர்: அதான் கேக்கறேன். என்னைத் தெரியுதா, இல்லையா?

தம்பி: தெரியாமப் போகுங்களா? பேரு மட்டும் சொல்லீருங்க.

பெரியவர்: தெரியுமுன்னா நீயே எழுதிக்க. நான் எதுக்குச் சொல்றது?

தம்பி: (பேனாவை மூடிவிட்டு) தெரீலீங்க.

பெரியவர்: பாத்தயா! தெரியாமயே தெரியுமுன்னு சொல்லீருக்கற. நல்லா மூஞ்சியப் பாரு.

தம்பி: மூஞ்சி தெரியுதுங்க. மூஞ்சிய நோட்டுல எழுத முடியாதுங்களே.

பெரியவர்: சொல்லு பாக்கலாம், நான் ஆரு?

(இந்த 'சொல்லு பாக்கலாம்' இல்லாத கண்ணாலம் நம்ம பக்கம் இன்னும் நடக்கல. பந்தியில உக்காந்திருக்கறப்ப பின்னால வந்து தோளைத் தட்டிக் கேப்பாங்க. வாய் நெறையச் சோறு இருக்கும். தொணைக்கு நாலு பேரை நிக்க வெச்சுக்கிட்டுத்தான் கேப்பாங்க. நாம முழிச்சா நாலு பேரும் சேந்து சிரிப்பாங்க. அவங்களுக்கு நம்ம பேரு தெரியுமான்னு யாரும் திருப்பிக் கேக்கறதில்ல. அது மரியாதையில்லையாம்.)

தம்பி: ஏனுங்க, மாமான்னு கூப்புடறதா பெரிப்பான்னு கூப்புடறதான்னாவது சொல்லுங்க.

பெரியவர்: அதைக் கண்டுபுடிக்கறதுதான் உன்ற சாமர்த்தியம்.

தம்பி: நீங்க பங்காளின்னா உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சிங்க. மாமன்னா மொறப்பொண்ணு. இதுல போயி சாமர்த்தியத்தைக் காட்டச் சொல்றீங்களே. என்ற ஊட்டுக்காரி அங்க சந்தனம் குடுத்துட்டு இருக்கறா, காதுல உழுந்துரப் போகுது.

பெரியவர்: உன்னைத் தொட்டில்ல பாத்தவன்டா நானு. உன்ற காதுகுத்துக்கு மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.

தம்பி: மடியில வெச்சது என்ற தாய்மாமனுங்க. அவரு அதோ ரசம் ஊத்திட்டு இருக்கறாரு.

பெரியவர்: அவன் வர்றதுக்கு முந்தி சித்த நேரம் நான் வெச்சிருந்தேன்.

தம்பி: அப்ப உங்க பேரைச் சொன்னீங்களா?

பெரியவர்: ஆருகிட்ட?

தம்பி: என்றகிட்ட.

பெரியவர்: கைக்கொழந்தைகிட்டயா?

தம்பி: சொல்லாமயே விட்டுட்டு இப்ப வந்து கேட்டா எப்படீங்க?

பெரியவர்: லொள்ளு பேசாத. சரி, அதை விடு. போன சித்திரையில கண்ணபுரம் சந்தையில பாத்தமே, அது?

தம்பி: சந்தைக்கு வந்தனுங்க.

பெரியவர்: நான் ஒரு காரிக்காளை புடிச்சுக்கிட்டு வேப்பமரத்தடியில நின்னேன்.

தம்பி: நாலு பல்லு?

பெரியவர்: ஆமா!

தம்பி: முதுகுல ராஜசுழி?

பெரியவர்: அதேதான்!

தம்பி: வெலைய வாயில சொல்லாம, துண்டைப் போட்டு உள்ளார வெரலைப் புடிச்சீங்க. மூக்கணாங்கயிறு புதுசு. மஞ்சக் கயிறு.

பெரியவர்: பாத்தயா, பாத்தயா! இப்பத் தெரியுதல்லொ!

தம்பி: காளை நல்லாத் தெரியுதுங்க. கயித்தைப் புடிச்சிருந்தவருதான் நெனப்பில்ல.

பெரியவர்: மாட்டை நெனப்பு வெச்சிருக்கற, மனுசனை மறந்துட்ட. இதான் இந்தக் காலம்.

தம்பி: காலத்து மேல பழி போடாதீங்க. காளைக்குச் சுழி இருக்குது, நெறம் இருக்குது, பல்லு இருக்குது. பேருல என்னங்க இருக்குது புடிச்சுக்கறதுக்கு? சீமையில 1987-லயே இதைச் சோதிச்சுப் பாத்துட்டாங்க. ஒரு ஆளு படத்தைக் காட்டி, இவரு பேக்கர், அதாவது ரொட்டி சுடறவருன்னு சொன்னா மனசுல நிக்குது. அந்தப் 'பேக்கர்'ங்கற சொல்லையே இவரு பேருன்னு சொல்லிக் குடுத்தா மறந்துருது. தொழிலு ஒட்டிக்கும், பேரு வழுக்கிட்டுப் போயிரும்.

பெரியவர்: சீமைக்காரனுக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் கம்மி. அவன் மறந்தா ஆரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

தம்பி: (இதுக்குப் பதிலில்லாமல் சித்த நேரம் யோசித்து) அது நெசந்தானுங்க. சரி, பேரு?

பெரியவர்: உங்கப்பன்கிட்டக் கேளு.

தம்பி: அவரு பொண்ணழைச்சுட்டு வரப் போயிருக்கறாரு. உங்களுக்குப் பின்னால ஒம்பது பேரு நிக்கறாங்க. இனிச் சிவன்மலை ஆண்டவன் ஆரு கனவுலயாவது வந்து உங்க பேரைச் சொல்லி, கனவுல சொன்னதைக் கோயில்ல வெப்பாங்களே, அந்த உத்தரவுப் பொட்டியில வெச்சாத்தான் எனக்குத் தெரியும்.

பெரியவர்: ரவுசு! ரவுசு! எழுது... பழனிச்சாமி.

தம்பி: எந்தப் பழனிச்சாமிங்க?

பெரியவர்: எந்தப் பழனிச்சாமியா?

தம்பி: இதா நோட்டைப் பாருங்க. பல்லடம் கோழிப்பண்ணை பழனிச்சாமி. திருச்செங்கோடு போர்வெல் வண்டி பழனிச்சாமி. சோமனூர் தறிப்பட்டறை பழனிச்சாமி. தேங்காக் களத்துப் பழனிச்சாமி மட்டும் மூணு. ரைஸ்மில்லு ரெண்டு. 2017-ல முதலமைச்சரானாரே, அவரே முன்னால எடப்பாடின்னு ஊரைப் போட்டுக்கிட்டாருங்க. நீங்க வெறும் பழனிச்சாமின்னா நான் எங்க போறது?

பெரியவர்: மேக்காலத் தோட்டமுன்னு போடு.

தம்பி: எல்லா ஊருலயும் மேக்கால ஒரு தோட்டம் இருக்குமுங்க.

பெரியவர்: வாய்க்காலுக்கு மேக்கால.

தம்பி: கீழ்பவானி வாய்க்காலுங்களா, பரம்பிக்குளம் வாய்க்காலுங்களா?

பெரியவர்: நீ என்ன, பொதுப்பணித் துறையா?

தம்பி: கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க பேரனுக்குக் கண்ணாலம். எங்கப்பன் இந்த நோட்டைப் பொரட்டித்தான் திருப்பிச் செய்யோணும். மேக்காலத் தோட்டத்துப் பழனிச்சாமின்னு மட்டும் எழுதி வெச்சா, இந்த 1001 எந்த ஊரு மேக்கால போயிச் சேருமுன்னு நான் பொறுப்பில்ல. மதுரைப் பக்கம் இப்பக் கம்ப்யூட்டர்ல மொய் எழுதி ரசீதே குடுக்கறாங்க. அந்தப் பொட்டிகிட்டப் போயி என்னைத் தெரியுதான்னு கேட்டுப் பாருங்க. அதும் பேரு, ஊருதான் கேக்கும்.

பெரியவர்: (காசு என்றதும் குரல் இறங்கி) ஊரு, தோட்டம், அப்பன் பேரு எல்லாம் தெளிவாவே எழுதிக்க. அப்பன் பேரும் பழனிச்சாமிதான். எங்க தாத்தன் பேரை எனக்கு வெக்கலை, அப்பன் பேரையே வெச்சுட்டாங்க.

தம்பி: ப.பழனிச்சாமி. இனிசியலுக்கும் பயனில்லாமப் போச்சு. பணத்தைக் குடுங்க.

(பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து முடிச்சுப் போட்ட கைக்குட்டையை எடுத்து அவிழ்க்கிறார். பத்து நூறு ரூபாய் நோட்டு, நாலாய் மடிச்சது. ஒரு ரூபாய்க் காசு.)

தம்பி: ஏனுங்க, நோட்டெல்லாம் சீரக வாசம் அடிக்குதே?

பெரியவர்: அது... ஊட்டுல சீரக டப்பாயில போட்டு வெச்சிருந்தா. அவ சிறுவாடு.

தம்பி: ஓ. அப்ப இது அவங்க மொய்யுங்க. உங்க பேரை அடிச்சுட்டு அவங்க பேருலயே எழுதீர்றேன். இவ்வளவு நேரம் சும்மாவே மல்லுக்கட்டியிருக்கறோம். அவங்க பேரு?

பெரியவர்: அவ பேரு எதுக்கு? அவளை ஆருக்குத் தெரியும்?

தம்பி: தெரியாததுனாலதானுங்க எழுதறது. சொல்லுங்க.

பெரியவர்: கொடுவாய்க்காரின்னு போடு. எங்கூர்ல அப்படிச் சொன்னாத்தான் தெரியும்.

தம்பி: அது அவங்க பொறந்த ஊருங்க. பேரு?

பெரியவர்: பாப்பாத்தி... இல்ல இரு, பாப்பாத்தி அவ அக்கா.

தம்பி: செல்லுல பாருங்களேன். நம்பரு போட்டு வெச்சிருப்பீங்கல்ல.

பெரியவர்: (செல்லை எட்டத்தில் பிடித்துப் பார்த்து) 'ஊடு'ன்னு இருக்குது.

தம்பி: 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் ஆயிரம் ரூவா மகளிர் உரிமைத்தொகை வருதே, அது எந்தப் பேருல வருதுங்க?

பெரியவர்: அது அவ பேருலதான் வருது.

தம்பி: எந்தப் பேரு?

பெரியவர்: அதான் சொன்னனே, அவ பேரு.

தம்பி: கோட்டையில இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. கல்யாணமாகி எத்தனை வருசமாச்சுங்க?

பெரியவர்: பேரனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறேன், கணக்குப் போட்டுக்க. சும்மா இரு, எனக்குத் தெரியும். ஊட்டுல ஒரு பேரு, கார்டுல ஒரு பேரு. நான் ரெண்டுலயும் கூப்புட்டதில்ல, அதான். இரு, அவளையே கேட்டர்றேன். (பந்திப் பக்கம் திரும்பி) ஏ... இந்தா! இந்தா புள்ள!

தம்பி: பந்தியில பாதிப் பொம்பளைங்க திரும்பிப் பாக்கறாங்க. அதுல எதுங்க உங்க ஊடு?

பெரியவர்: அந்த மூணாவது வரிசையில... ஊதாச் சீலை.

தம்பி: (எழுதிக்கொண்டே) ஊதாச் சீலை, கொடுவாய், சீரக டப்பா, 1001. எழுதியாச்சுங்க. தாம்பூலப் பை அக்கட்ட குடுக்கறாங்க, சித்த நவுருங்க.