பாஸ்கெட்பால் ப்ளேயர் கைல் ஹைன்ஸ் நாலு கப்பும் சிஎஸ்கேஏல வாங்கல ப்ரோ

மேல "ஹைன்ஸ் பணக்கார சிஎஸ்கேஏ மாஸ்கோல ஒட்டிக்கிட்டு நாலு யூரோலீக் வாங்கினவர்"னு போட்டிருக்கீங்க, அது தப்பு ப்ரோ. யூரோலீக்னா ஐரோப்பாவோட டாப் கிளப் பாஸ்கெட்பால் போட்டி, சிஎஸ்கேஏ ரஷ்யா கிளப். அங்க வாங்கினது 2016, 2019 ரெண்டும்தான். முதல் ரெண்டு, 2012லயும் 2013லயும், கிரீஸ் கிளப் ஒலிம்பியாகோஸ்ல வாங்கினது. அதுவும் 2012 ஃபைனல்ல தோத்ததே சிஎஸ்கேஏதான்! இஸ்தான்புல்ல 19 பாயின்ட் பின்னாடி இருந்து ஏறி வந்து, கடைசி செகண்ட்ல ஹைன்ஸோட டீம்மேட் ஸ்பனூலிஸ் பாஸ் கொடுக்க இன்னொரு டீம்மேட் பிரின்டெசிஸ் போட்ட ஷாட்ல 62-61. அடுத்த வருஷம் செமில திரும்பவும் அதே சிஎஸ்கேஏவ அடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் சிஎஸ்கேஏ ஹைன்ஸை எடுத்துச்சு.

அமெரிக்காவோட என்பிஏ லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடல, உண்மைதான். 2008ல, டீம்கள் புது ப்ளேயர்களை எடுக்குற என்பிஏ ட்ராஃப்ட்ல யாரும் எடுக்கல, இத்தாலி ரெண்டாம் டிவிஷன்ல வெரோலி, அப்புறம் ஜெர்மனில பாம்பெர்க்னு படிப்படியா ஏறி வந்த ஆளு. 1.98 மீட்டர் உயரத்துல, வழக்கமா டீம்லயே உயரமானவங்க ஆடுற சென்டர் இடத்துல ஆடுறது லேசுப்பட்ட வேலையா? ஆடின காலத்துல, எதிர் டீம் ஆள் குறுக்க நின்னு மறைச்சு வழி விடுற பிக் அண்ட் ரோல்ல, தன் ஆளை மாத்திக்கிட்டு (ஸ்விட்ச்) பந்தை கொண்டு வர்ற வேகமான கார்டை முன்னாடி நின்னு தடுப்பாரு, அடுத்த பொசெஷன்லயே தன்னைவிட ஒரு ஜாண் உயரமானவனை கூடை பக்கத்துல (போஸ்ட்) முதுகு குடுத்து தள்ளி நிறுத்துவாரு. யூரோலீக் பெஸ்ட் டிஃபென்டர் அவார்டு மூணு தடவை, அதுல 2022ல வாங்கினது இத்தாலி கிளப் மிலான்ல இருக்கும்போது. தயவுசெஞ்சு அந்த கமென்ட்டை எடிட் பண்ணிடுங்க.