சின்னக் காயம் சின்னக் காயமான கதை

போன வாரம் என் மகள் ஓடும்போது விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பன்னிரண்டு வயது. தண்ணீரில் கழுவி, மண் போகத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு மறந்துபோனேன். மூன்றாம் நாள் காயத்தைச் சுற்றி வீங்கி, தொட்டால் சுட்டது. ராத்திரி காய்ச்சல். காலையில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அழுத்திப் பார்த்தார், "உள்ளே சீழ் வைக்க ஆரம்பிச்சிருக்கு, அஞ்சு நாளைக்கு மாத்திரை தர்றேன், நடுவுல நிறுத்தக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிடம். வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இன்றைக்கு ஸ்கூலுக்கு லீவு உண்டா என்பது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நூறு வருடத்தில் வாழ்க்கை எவ்வளவு மாறிவிட்டது என்று பேச்சு வந்தால் எல்லோரும் கையிலிருக்கும் போனைக் காட்டுகிறார்கள். கார், விமானம், டிவி, குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். எல்லாமே பெரிய மாற்றங்கள்தான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒரு சின்னக் காயம் சின்னக் காயமாகவே இருந்துவிட்டுப் போகிறது. நூறு வருடம் முன்னால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

1924ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ். அவருடைய இளைய மகனுக்கும் அதே பெயர், வயது 16. ஜூன் 30ஆம் தேதி வெள்ளை மாளிகைத் திடலில் அண்ணனோடு டென்னிஸ் விளையாடினான். காலுறை போடாமல் வெறும் ஷூ மட்டும். ஷூ உரசி ஒரு கால்விரலில் கொப்புளம் வந்தது. நம் எல்லோருக்கும் புதுச் செருப்பு போட்டால் வருமே, அதே கொப்புளம். அதன் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டு நாளில் எழுந்து நடக்க முடியவில்லை. நாட்டின் தலைசிறந்த டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் நோய் என்னவென்று தெரிந்திருந்தது, கொடுப்பதற்கு மருந்துதான் இல்லை. ஜூலை 7ஆம் தேதி பையன் இறந்துபோனான். கொப்புளம் வந்து முழுசாக எட்டு நாள்கூட ஆகவில்லை.

உலகத்தின் பெரிய பதவிகளில் ஒன்றில் இருந்த அப்பாவால் வாங்க முடியாத ஒன்றை, அன்று காலை நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மகள் பக்கத்தில் லீவு பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பையன் இறந்து நான்கு வருடம் கழித்து, 1928இல், லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தன் ஆய்வுத் தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்ததையும், அதைச் சுற்றிக் கிருமிகள் செத்துப்போயிருந்ததையும் பார்த்தார். பள்ளிக்கூடப் பாடம் இத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அந்தப் பூஞ்சைச் சாற்றைப் பெனிசிலின் என்ற மருந்தாக்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி என்று ஒரு குழு போர்க்காலத்தில் அதைக் கையில் எடுத்தது. பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் இல்லாமல், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வைக்கும் பெட்பேனில்கூட வளர்த்துப் பார்த்தார்கள்.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குச் சிகிச்சையாக அந்த மருந்தைக் கொடுத்தார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து ஒரு கண்ணையே எடுத்திருந்தார்கள். ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் இறங்கியது. சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் உலகத்தில் இருந்த பெனிசிலின் அவ்வளவுதான். அவருடைய சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போய், அதில் கலந்து வெளியேறிய மருந்தை வடித்தெடுத்துத் திரும்பவும் ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதம் அவர் இறந்துவிட்டார். மருந்து வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, அது இல்லாமல் ஒரு மனிதர் சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

என் அப்பத்தாவிடம் சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க அப்பத்தா?" என்று. "பெத்தது ஒம்போது, தங்குனது நாலு" என்றார். ஏதோ கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். எனக்கு அப்போது புரியவில்லை. பிற்பாடு ஒருநாள் அவரே, யாரும் கேட்காமல், தங்காத ஐந்து பேரின் பெயரையும் விரல்விட்டுச் சொன்னார். ஒருவனுக்குக் காய்ச்சல், இருவருக்கு வயிற்றுப்போக்கு, ஒருத்திக்குக் காலில் முள் குத்தி வீங்கியது. கடைசிக் குழந்தைக்குப் பெயரே வைக்கவில்லை, "பாப்பா" என்று மட்டும் சொன்னார். முள் குத்திச் செத்த அந்தப் பெண் எனக்கு அத்தை. அவளுக்கு அப்போது ஏழு வயது.

அப்பத்தா வீட்டுக்கு மட்டும் வந்த விதி இல்லை இது. சராசரி மனித ஆயுள் 1900 வாக்கில் உலக அளவில் சுமார் 32 வருடம் என்று கணக்கிடுகிறார்கள். இன்று 73ஐ ஒட்டி இருக்கிறது. 32 என்றால் எல்லோரும் 32 வயதில் போய்ச் சேர்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. தொட்டிலிலேயே போன குழந்தைகள்தான் அந்த எண்ணைக் கீழே இழுத்தார்கள். தப்பி வளர்ந்தவர்களில் எண்பதைத் தொட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைத்தான் நாம் பார்த்தோம்.

அதனால்தான், "அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி ஏது, ஊசி ஏது, எல்லோரும் திடகாத்திரமாக இருந்தார்கள்" என்று ஃபார்வர்டு வரும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. அனுப்புகிறவர்களைக் குறை சொல்லவில்லை. தங்கிய நாலு பேரின் வாரிசுகள் நாம், நம் காதுக்கு வந்ததெல்லாம் அந்த நாலு பேரின் கதை. என் அத்தையின் கதையைச் சொல்ல அவளுக்குப் பேரப்பிள்ளைகள் யாரும் இல்லை.

சின்னம்மை இன்னும் இருக்கிறது. பெரியம்மை இல்லை. 1980 மே 8ஆம் தேதி உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒரு நோயைப் பூமியிலிருந்தே துடைத்துப் போட்ட நாள், எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரியும்? வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீர் போதும் என்பதும் இந்த நூறு வருடத்தில் கற்ற பாடம்தான். 1971 வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் அந்தத் தண்ணீரைப் பீப்பாய்களில் கலந்து வைத்தார். சொந்தக்காரர்களே கோப்பையில் மொண்டு மொண்டு புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த முகாமில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. எங்கள் வீட்டில் போன அந்த இரண்டு பிள்ளைகளுக்கு இது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இப்போது பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1945இல் நோபல் பரிசு வாங்கிய கையோடு ஃபிளெமிங் எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும் என்று. அப்படியேதான் நடக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. சளிக்கும் ஜுரத்துக்கும் நாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குகிறோம். வைரஸால் வரும் சளியை அது தொடக்கூடத் தொடாது. பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த அட்டையை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். புதுசாக இந்த வகை மருந்து கண்டுபிடிப்பதோ வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. தெரிந்தவர்கள் வீட்டில் அப்படிச் செய்தால் நான் இப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. சண்டையானாலும் சரி.

மகளுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. பொருக்குத் தட்டிய இடத்தைச் சொறிந்துகொண்டே, "அதான் சரியாயிடுச்சேம்மா, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்கிறாள். உட்கார வைத்து, முள் குத்திச் செத்த என் அத்தையைப் பற்றிச் சொன்னேன். காலில் முள் குத்திய இடம் எது என்று கேட்டாள். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டையில் இன்னும் மூன்று இருக்கிறது. அடுத்தது ராத்திரி எட்டு மணிக்கு.