'புதுப்பிக்கலாம்' என்ற வரி கடையைக் காப்பாற்றாது
"கடை வாடகை அக்ரிமென்ட்டில் 'இருவர் சம்மதத்தின் பேரில் புதுப்பிக்கலாம்' என்று இருந்தாலே ஓனர் நீட்டித்துத்தான் ஆகணும்" என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். தவறு. அந்த வரி இருந்தும் ஓனர் தாராளமாக மறுக்கலாம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படியும் நீட்டிப்பு கேட்கலாம், அவ்வளவுதான். ஓனர் ஒத்துக்கொண்டால்தான் புது ஒப்பந்தம். தி.நகரில் ரேக், ஏசி, போர்டு என்று லட்சக்கணக்கில் இறக்குகிறவர் அந்த வரியை நம்பினால் என்ன கதி? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள்: "வாடகைதாரர் விரும்பினால் மேலும் 3 வருடம், வாடகை உயர்வு இத்தனை சதவீதம், 6 மாதம் முன்பு எழுத்தில் நோட்டீஸ்." உயர்வை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள், சண்டை அங்கேதான் வரும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் கட்டாயம்.