ஒரு நாட்டின் வாசற்சாவி இன்னொரு நாட்டின் கையில்

பாலஸ்தீனத்தை 150-க்கும் மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்தாயிற்று, பிறகும் ஏன் அது ஐ.நா.வில் உறுப்பு நாடு ஆகவில்லை என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கீகாரத்தையும் உறுப்புரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பதில் பிடிபடாமல் போகிறது. அங்கீகாரம் என்பது ஒவ்வொரு நாடும் தனித்தனியாக எடுக்கும் முடிவு. உறுப்புரிமை அந்த அமைப்பின் முடிவு. அந்த முடிவை யார் எடுக்க வேண்டும், எத்தனை வாக்கு வேண்டும் என்பதெல்லாம் அமைப்பின் சாசனத்தில் எழுதியிருக்கும்.

ஐ.நா. சாசனத்தின் 4-ஆவது பிரிவு கேட்பது அதிகமில்லை. விண்ணப்பிப்பது ஒரு நாடாக இருக்க வேண்டும், அமைதியை விரும்ப வேண்டும், சாசனக் கடமைகளை ஏற்க வேண்டும், அவற்றை நிறைவேற்றும் திறனும் மனமும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நடைமுறையும் சிக்கலானதல்ல. பொதுச்செயலாளருக்கு ஒரு கடிதம். கடமைகளை ஏற்கிறோம் என்ற முறையான உறுதிமொழி அதிலேயே இருக்க வேண்டும். அது பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போகும். கவுன்சிலின் 15 நாடுகளும் உள்ள சேர்க்கைக் குழு பரிசீலிக்கும். பிறகு கவுன்சிலில் 9 வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்; ரஷ்யாவின் இடத்தில் முன்பு சோவியத் ஒன்றியம்) ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. அந்த எதிர்வாக்குக்குத்தான் வீட்டோ என்று பெயர். வாக்களிக்காமல் ஒதுங்கினால் பாதகமில்லை. கவுன்சில் பரிந்துரைத்தால் பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. சபை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தே உறுப்பினர். ஊருக்குத் திரும்பி நாடாளுமன்றத்தில் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை.

கால வரையறையும் உண்டு. பொதுச் சபையின் வழக்கமான கூட்டத்தொடருக்கு 35 நாள் முன்னதாகக் குழுவின் அறிக்கை, 25 நாள் முன்னதாகக் கவுன்சிலின் பரிந்துரை என்பது விதி. ஆனால் மனம் வைத்தால் எதையும் தளர்த்தலாம். தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று சுதந்திர நாடானது. 13-ஆம் தேதி கவுன்சில் பரிந்துரைத்தது, 14-ஆம் தேதி 193-ஆவது உறுப்பு நாடாகிவிட்டது. ஐந்தே நாள்.

மனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 1948-இல் சுதந்திரம், அதே ஆண்டில் விண்ணப்பம். இது உண்மையிலேயே சுதந்திர நாடுதானா என்று சந்தேகம் கிளப்பி, சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. இலங்கை செய்த பிழை எதுவும் இல்லை. சோவியத் சார்பு நாடுகளை மேற்கு நாடுகள் சேர்க்க விடவில்லை, மற்ற நாடுகளைச் சோவியத் சேர்க்க விடவில்லை. இத்தனைக்கும், 4-ஆவது பிரிவில் இல்லாத நிபந்தனையைப் போட உறுப்பு நாடுகளுக்கு உரிமையில்லை, 'அவரைச் சேர்த்தால்தான் இவருக்கு வாக்களிப்பேன்' என்று சொல்ல முடியாது என்று சர்வதேச நீதிமன்றம் அதே 1948-இல் ஆலோசனைக் கருத்துத் தந்திருந்தது. கவுன்சிலின் பரிந்துரை இல்லாமல் பொதுச் சபை தானாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது என்று 1950-இல் சொன்னது. முதல் கருத்தை யாரும் மதிக்கவில்லை, இரண்டாவதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் 1955 டிசம்பர் 14 அன்று 16 நாடுகளை ஒரே நாளில் சேர்த்தார்கள். இலங்கை, நேபாளம், இத்தாலி, ஹங்கேரி, ஸ்பெயின் எல்லாம் அதில் அடக்கம். நீதிமன்றம் கூடாது என்று சொன்ன அதே பேரம்தான். அதிலும் மங்கோலியாவைச் சீனாவின் இடத்தில் அப்போது அமர்ந்திருந்த தைவானின் தைபே அரசு தடுத்தது, பதிலுக்கு ஜப்பானைச் சோவியத் தடுத்தது. ஜப்பான் 1956 வரையும் மங்கோலியா 1961 வரையும் காத்திருந்தன. வங்கதேசத்தை 1972-இல் சீனா தடுத்தது; பாகிஸ்தான் அங்கீகாரம் தந்த பிறகு 1974-இல்தான் வழி பிறந்தது. காத்திருந்த காலத்தில் இந்த நாடுகளின் தகுதியில் என்ன மாறியது? ஒன்றுமே மாறவில்லை.

எல்லா அமைப்பிலும் ஒருமித்த சம்மதம் தவறு என்று நான் சொல்லவில்லை. நேட்டோ ராணுவக் கூட்டணியில் அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் தாக்கப்பட்டால் எல்லோரும் துணைக்கு வர வேண்டிய அமைப்பில், புதியவருக்காகப் பொறுப்பேற்கப் போகிற ஒவ்வொரு நாடும் சம்மதிக்கத்தான் வேண்டும். அங்கேயும் அந்தச் சம்மதம் பேரப்பொருள் ஆகிறது என்பது வேறு. பின்லாந்தும் சுவீடனும் 2022 மே 18 அன்று ஒன்றாக விண்ணப்பித்தன. பின்லாந்து 2023 ஏப்ரலில் சேர்ந்தது. துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததால் சுவீடன் 2024 மார்ச்சில்தான் சேர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை இன்னும் மோசம். பேச்சுவார்த்தை 35 அத்தியாயங்களாகப் பிரிந்திருக்கிறது. இறுதி முடிவுக்கு மட்டுமல்ல, வழியில் ஒவ்வொரு படிக்கும் எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். தடுக்க நினைக்கும் அண்டை நாட்டுக்கு எத்தனை வாய்ப்பு என்று எண்ணிப் பாருங்கள். வட மாசிடோனியா 2005-இலிருந்து வேட்பாளர் நாடு. 'மாசிடோனியா' என்ற பழைய பெயரைக் கிரேக்கம் ஆட்சேபித்ததால் 2019-இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அடுத்து மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி பல்கேரியா தடுத்தது. சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்த நாட்டை அதற்குப் பிறகும் வாசலில் நிறுத்துவது அநியாயம்.

உலக வர்த்தக அமைப்பில் வீட்டோ என்ற சொல்லே கிடையாது, ஆனால் விளைவு அதுதான். சேர விரும்பும் நாடு தன் வர்த்தக விதிகள் முழுவதையும் ஆவணமாகத் தர வேண்டும். எந்த உறுப்பு நாடும் பணிக்குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம், சுங்கவரியைக் குறைக்கச் சொல்லித் தனியாகப் பேரம் பேசலாம். ஒருவருக்குக் கொடுத்த சலுகை எல்லா உறுப்பினர்களுக்கும் போய்விடும். அதனால் கடைசியில் வருகிறவர்தான் அதிகம் கொடுத்துச் சேர்கிறார். சீனாவுக்கு 15 ஆண்டு ஆனது. சின்னஞ்சிறு வனுவாட்டுவின் பேச்சு 2001-இலேயே முடிந்திருந்தும், அது சேர்ந்தது 2012-இல்.

ஐ.நா. போன்ற பொது அமைப்பில் இந்தத் தடைக்கு எந்த நியாயமும் இல்லை. அங்கே புதிய உறுப்பினருக்காக யாரும் போருக்குப் போக வேண்டியதில்லை, வரியைக் குறைக்க வேண்டியதில்லை. எதிர்த்து வாக்களிக்கும் நாடு, 4-ஆவது பிரிவின் எந்தத் தகுதி இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சேர்க்கை விஷயத்தில் அந்த வாக்கு வீட்டோவாகக் கணக்கில் வரக்கூடாது. சாசனத்தைத் திருத்த நிரந்தர ஐவரும் சம்மதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நாம் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

2024 ஏப்ரல் 18 அன்று பாலஸ்தீனத்துக்குக் கவுன்சிலில் 12 வாக்குகள் விழுந்தன, இரண்டு நாடுகள் ஒதுங்கின, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. மே 10-இல் பொதுச் சபை 143 வாக்குகளோடு தன்னால் முடிந்ததைச் செய்தது: அகரவரிசையில் உறுப்பு நாடுகளோடு இருக்கை, தீர்மானம் கொண்டுவரும் உரிமை, திருத்தம் முன்மொழியும் உரிமை. அந்த செப்டம்பரிலிருந்து பாலஸ்தீனப் பிரதிநிதி, 'State of Palestine' என்ற பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி, இலங்கைக்கும் சூடானுக்கும் நடுவே உட்காருகிறார். வாக்கெடுப்பு தொடங்கினால் இரண்டு பக்கத்து மேசைகளுக்கும் வாக்கு உண்டு, நடுவில் இருக்கும் மேசைக்கு இல்லை.